உயிருள்ள பீர்: பிரிட்டனின் ரியல் ஏலைத் தேடி, அறிந்து, ருசிக்க ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்துக்கு வந்த புதிதில், ஒரு பப்பில் என் முதல் ரியல் ஏலை வாங்கினேன். மங்கலாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது, வாயில் வைத்தால் காடி போலப் புளித்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ருசிதான் பிடிக்கும் போல என்று எண்ணி முழு கிளாஸையும் குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஏல் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை, அலுவலக நண்பர் ஒருவர் சசெக்ஸில் உள்ள லூயிஸ் என்ற சிறு நகரத்துக்கு அழைத்துப் போய் ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) ஏல் வாங்கிக் கொடுத்தார். செம்பு நிறம், கண்ணாடி போன்ற தெளிவு. முதலில் பிஸ்கட் போன்ற மெல்லிய இனிப்பு, பிறகு நாக்கின் அடியில் நின்று நிதானமாக வளரும் கசப்பு. பழைய கதையைச் சொன்னேன். "நீங்கள் குடித்தது கெட்டுப்போன பீர். அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்" என்றார்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டு கிளாஸ்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பற்றியதுதான். குளிரவைத்துக் குடிக்கும் வெளிர்நிற லாகர் பீரை எந்த ஊரில் வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே ருசிதான். ரியல் ஏல் அப்படி இல்லை. எந்த பிராண்ட் என்று கேட்பதற்கு முன்னால் எந்த பப், யார் கவனிப்பு, பீப்பாய் திறந்து எத்தனை நாள் என்று கேட்க வேண்டும். இதைக் கற்றுக்கொண்டால் பிரிட்டனில் எந்த ஊருக்குப் போனாலும் நல்ல கிளாஸ் கிடைக்கும்.

1. ரியல் ஏல் என்றால் என்ன

முளைகட்டி உலர்த்திய பார்லி (இதுதான் மால்ட்), கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூக்கள், ஈஸ்ட், தண்ணீர். எல்லா பீரையும் போல ஏலும் இவற்றிலிருந்துதான் வருகிறது. லாகரைக் குளிர்ச்சியான சூழலில் மெதுவாக நொதிக்க வைப்பார்கள். ஏலை அதைவிடச் சூடான வெப்பநிலையில் சில நாட்களில் நொதிக்க வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஈஸ்ட் பழ வாசனைகளையும் சேர்த்துத் தருகிறது.

ரியல் ஏலை மற்ற ஏல்களிலிருந்து பிரிப்பது அடுத்த கட்டம். ஈஸ்டை வடிகட்டி எடுக்காமல், சூடாக்கிக் கொல்லாமல், உயிரோடு பீப்பாயில் அடைத்து பப்புக்கு அனுப்புகிறார்கள். பீப்பாய்க்குள் அது இரண்டாம் முறை நொதிக்கிறது. அதில் உண்டாகும் மென்மையான வாயுதான் பீருக்குத் துடிப்பு தருகிறது. எந்தப் பீப்பாயில் பக்குவப்பட்டதோ அதிலிருந்தே, வெளியிலிருந்து கரியமில வாயுவைச் செலுத்தாமல், பரிமாற வேண்டும். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் வேறொரு பானமாகிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். உயிர் இருப்பதால்தான் ருசி, உயிர் இருப்பதால்தான் ஆயுளும் குறைவு.

1960களில் பெரிய கம்பெனிகள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று முடிவு செய்தன. பீரை வடிகட்டி, சூடாக்கி, வாயு செலுத்தி, கெக் எனப்படும் அடைத்த உலோகக் கலனில் அனுப்பத் தொடங்கின. பப்காரர் எதையும் கவனிக்க வேண்டியதில்லை, பீர் வாரக்கணக்கில் நிற்கும். ருசிதான் போய்விட்டது. 1971இல் வடமேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் அயர்லாந்துக்கு விடுமுறை போன இடத்தில், கெரி மாவட்டத்து டன்க்வின் கிராம பப்பில் உட்கார்ந்து, இதை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதுதான் காம்ரா, 'ரியல் ஏலுக்கான இயக்கம்'. 'ரியல் ஏல்' என்ற பெயரை நாடு முழுக்கப் பரப்பியது அந்த இயக்கம்தான். குடிக்கிறவர்கள் ஒன்றுகூடி, தொழிற்சாலைகள் கைவிடப் பார்த்த ஒரு கைவினையை மீட்டார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

2. நிலவறையில் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பப்புக்குக் கீழே இருக்கும் அறையில் நடப்பது தெரியாமல் நல்ல பப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வழக்கமான பீப்பாயின் பெயர் ஃபர்கின். 9 கேலன், சுமார் 41 லிட்டர், அதாவது 72 பைண்ட். இப்போது பெரும்பாலும் உலோகப் பீப்பாய்தான். யார்க்ஷயரின் டாட்காஸ்டரில் இருக்கும் சாமுவேல் ஸ்மித் போன்ற ஒரு சில ப்ரூவரிகள் (பீர் ஆலைகள்) இன்னும் மரப்பீப்பாயைக் கைவிடவில்லை. வந்த பீப்பாயை நிலவறையில் படுக்கை வாட்டத்தில் வைத்து, உருளாமல் ஆப்பு வைப்பார்கள். மேலே உள்ள தக்கையின் நடுவில் நுண்துளைகள் கொண்ட மென்மரக் குச்சி ஒன்றை அடித்து இறக்குவார்கள். உள்ளே நொதிக்கும் பீரின் மிகை வாயு அந்தக் குச்சி வழியாக மெல்ல வெளியேறும். குச்சியின் தலையில் நுரை கொப்புளிப்பதைப் பார்த்தே உள்ளே எவ்வளவு வேகம் என்று அனுபவசாலி சொல்லிவிடுவார். கொப்புளிப்பு அடங்கியதும், காற்றுப் புகாத கெட்டி மரக் குச்சியை மாற்றி அடிப்பார்கள். மிச்ச வாயு பீரிலேயே தங்கிவிடும். இதை ஒரு நாள் முன்னால் செய்தால் நுரைத்துத் தள்ளும். ஒரு நாள் பிந்தினால் பீர் செத்துக் கிடக்கும்.

இதற்கிடையே ஈஸ்ட் மண்டியாக அடியில் படிய வேண்டும். அதற்கு ஓரிரு நாள் பீப்பாயை அசைக்காமல் விட வேண்டும். பிறகு குழாய் பொருத்தி, கொஞ்சம் எடுத்து முகர்ந்து, ருசித்து, தெளிவைப் பார்த்த பிறகே விற்பனைக்கு விடுவார்கள். அறையின் வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி. "பிரிட்டிஷ்காரர்கள் வெந்நீர் பீர் குடிக்கிறார்கள்" என்று நம்மவர்கள் சொல்வது தவறு. நல்ல ஏல் மண்பானைத் தண்ணீர் போன்ற குளிர்ச்சியில் வரும். ஐஸ் போல இருந்தால் நாக்கு மரத்துவிடும், மால்ட்டும் ஹாப்ஸும் தெரியாது.

குழாய் திறந்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. ஒவ்வொரு பைண்ட் வெளியேறும்போதும் அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. முதல் நாள் காற்று பீரைக் கொஞ்சம் மென்மையாக்கும். மூன்று நாளைத் தாண்டினால் ருசி தட்டையாகி, பிறகு புளிக்கத் தொடங்கும். ஆக, 72 பைண்ட் மூன்று நாளில் தீர வேண்டும், ஒரு நாளைக்கு 24. எட்டு வகை ஏல் வைத்திருக்கும் பப் தினமும் 192 பைண்ட் ஏல் விற்றால்தான் எட்டும் புதிதாக இருக்கும். ஆள் இல்லாத பப்பின் கவுண்டரில் எட்டுக் கைப்பம்புகளை (ஒரு வகை ஏலுக்கு ஒன்று) பார்த்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டமுள்ள பப்பின் இரண்டு கைப்பம்புகள் அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

3. நல்ல பப்பைக் கண்டுபிடித்தல்

காம்ரா தன் உள்ளூர்க் கிளை உறுப்பினர்கள் நேரில் குடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பப்களை ஆண்டுதோறும் ஒரு வழிகாட்டியாக வெளியிடுகிறது. அதன் ஸ்டிக்கர் வாசலில் ஒட்டியிருந்தால், அதுவும் நடப்பு ஆண்டுக்குரியதாக இருந்தால், தைரியமாக நுழையலாம். பழைய ஆண்டு ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். கவனித்துக்கொண்டவர் போய்விட்டால் பப்பின் தரமும் போய்விடும். 'காஸ்க் மார்க்' என்ற பலகை இன்னொரு அடையாளம். சோதனையாளர்கள் சொல்லாமல் வந்து ஏலின் வெப்பநிலை, தோற்றம், வாசனை, ருசியைச் சோதித்த பிறகு தருவது அது.

அடையாளம் எதுவும் இல்லாவிட்டால் கவுண்டரைப் பாருங்கள். உயரமான கைப்பிடி கொண்ட பம்புகள்தான் ரியல் ஏலுக்கு உரியவை. ஜோசப் பிராமா என்ற பொறியாளர் 1797இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அன்றைய தத்துவம்தான் இன்றும்: கைப்பிடியை இழுத்தால் நிலவறையிலிருந்து பீர் மேலே வரும். பம்பின் முகப்பு அட்டையில் ப்ரூவரி, பீரின் பெயர், ஆல்கஹால் சதவீதம் இருக்கும். அட்டை பின்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தால் அந்த பீர் தீர்ந்துவிட்டது அல்லது இன்னும் தயாராகவில்லை. திருப்பி வைத்த அட்டையைப் பார்த்தால் எனக்கு அந்தப் பப்பின் மேல் மரியாதை கூடும். தயாராகாததை விற்க மாட்டோம் என்பதற்கு அதுவே சாட்சி.

சுற்றியிருப்பவர்கள் கையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். எல்லோரும் லாகர் குடிக்கும் இடத்தில் ஏல் பீப்பாய் ஒரு வாரமாகக் கிடக்கலாம். திங்கட்கிழமை திறந்தவுடன் முதல் ஆளாகப் போவதையும் நான் தவிர்ப்பேன். இரவு முழுக்கக் குழாயில் நின்ற பீரை அக்கறையான பப்காரர் இழுத்துக் கொட்டிவிடுவார், எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

மைக்ரோபப் என்ற வகையும் உண்டு. 2005இல் கென்ட் மாவட்டத்து ஹெர்ன் கிராமத்தில், பழைய இறைச்சிக் கடையில் திறந்த 'புட்சர்ஸ் ஆர்ம்ஸ்' தான் முதலாவது. ஒரே அறை, இசை கிடையாது, சில பீப்பாய்கள், பேச்சுதான் பொழுதுபோக்கு. தனியாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அரை மணி நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்கள்.

4. கவுண்டரில்

மேஜையில் உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலான பப்களில் யாரும் வர மாட்டார்கள். கவுண்டருக்குப் போய் வாங்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு. யார் முதலில் வந்தார்கள் என்பது பார் ஊழியருக்கும் நிற்பவர்களுக்கும் நினைவிருக்கும். பணத்தை ஆட்டிக் கூப்பிடாதீர்கள். உங்கள் முறை வருமுன் ஊழியர் உங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் "இவர் எனக்கு முன்னால் வந்தார்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் நீங்கள் உள்ளூர்க்காரர் ஆகிவிடுவீர்கள்.

எது வேண்டும் என்று தெரியாவிட்டால், ருசி பார்க்கக் கொஞ்சம் கேளுங்கள். சின்ன கிளாஸில் ஒரு வாய் இலவசமாகத் தருவார்கள். இரண்டு வகை பார்க்கலாம், கூட்ட நேரத்தில் ஐந்து வகை கேட்பது மற்றவர்களுக்குச் சிரமம். அளவில் பைண்ட் என்பது 568 மில்லி, அரை பைண்ட் 284. மூன்றில் ஒரு பங்கு கிளாஸும் பல இடங்களில் உண்டு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அரை பைண்ட்தான் சரி. அதே காசில், அதே அளவில் இரண்டு வகை தெரிந்துகொள்ளலாம். ஆண்கள் அரை பைண்ட் வாங்கினால் யாராவது என்ன நினைப்பார்களோ என்று கவலைப்பட வேண்டாம். ஏலை ரசிக்கிற மூத்தவர்கள் பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

நுரை விஷயத்தில் நாடு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வட இங்கிலாந்தில் பம்பின் மூக்கில் ஸ்பார்க்லர் என்ற சிறு துளைகள் கொண்ட மூடியைப் பொருத்துவார்கள். பீர் அதன் வழியே பீய்ச்சி வரும்போது பாலாடை போல அடர்ந்த நுரை கட்டும், கசப்பு கொஞ்சம் தணியும். தெற்கே அதை வைப்பதில்லை, நுரை மெல்லிய தோலாக நிற்கும். யார்க்ஷயர் பீரை ஸ்பார்க்லரோடும், கென்ட், சசெக்ஸ் பீரை அது இல்லாமலும் குடிப்பதே முறை என்பது என் கருத்து. அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் பழக்கத்துக்கு ஏற்பத்தான் பீரை வடிவமைத்திருக்கிறார்கள். நுரை அதிகமாகி பீர் குறைந்திருந்தால், நிரப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் ரவுண்டு. ஐந்து பேர் சேர்ந்து போனால் ஒவ்வொருவரும் முறை வைத்து எல்லோருக்கும் வாங்குவது இங்கே வழக்கம். ஐந்தாவது ஆள் வாங்கித் தந்ததும் முடியும்போது எல்லோரும் ஐந்து பைண்ட் குடித்திருப்பார்கள், அது மிக அதிகம். அதனால் ஆரம்பத்திலேயே "நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவது நல்லது. அல்லது இரண்டு பேராகப் பிரிந்து ரவுண்டு வைத்துக்கொள்ளலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மற்றவர்கள் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது கிளம்புவதுதான் தவறு.

5. பார்த்து, முகர்ந்து, பிறகு குடிக்கவும்

கிளாஸை வெளிச்சத்தில் பிடியுங்கள். முகருங்கள். முதல் வாயை அவசரமாக விழுங்காமல் நாக்கு முழுவதும் பரவ விடுங்கள். முதலில் வருவது மால்ட்: ரொட்டி, பிஸ்கட், டாஃபி, கருநிற பீர்களில் காபி, சாக்லேட். அடுத்தது ஹாப்ஸ். ஆங்கிலேய ஹாப்ஸில் பெயர் பெற்றவை ஃபகிளும் கோல்டிங்கும். மழை பெய்த மண், காய்ந்த புல், ஆரஞ்சுத் தோல் போன்ற அடக்கமான வாசனைகள் அவை. அமெரிக்க ஹாப்ஸ் போல முகத்தில் அடிக்காது. விழுங்கிய பிறகு கொஞ்சம் பொறுங்கள். பிட்டர் என்ற கசப்பு வகை ஏலின் சிறப்பு அந்த நேரத்தில்தான் வெளிப்படும். கசப்பு மெல்ல ஏறி, வாயை உலர்த்தி, அடுத்த வாயைக் கேட்க வைக்கும். பாகற்காயையும் சுண்டக்காய் வற்றலையும் ரசித்து வளர்ந்த நாக்கு இதை எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது குறைகள். காடிப் புளிப்பு இருந்தால் பீப்பாய் திறந்து நாளாகிவிட்டது. ஈர அட்டைப்பெட்டி வாசனையும் பழசானதன் அடையாளம். வெண்ணெய், பட்டர்ஸ்காட்ச் வாசனை தூக்கலாக இருந்தால் நொதித்தல் சரியாக முடியவில்லை என்று அர்த்தம். துடிப்பே இல்லாமல் சப்பென்று இருந்தால் நிலவறையில் வாயுவைப் போகவிட்டுவிட்டார்கள். தீக்குச்சி உரசிய கந்தக வாடை மட்டும் எப்போதும் குறை ஆகாது. பர்ட்டன் அபான் ட்ரென்ட் நகரத்தின் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம், அதிலிருந்து செய்யும் பீரில் அந்த வாடை வரும். உள்ளூர்க்காரர்கள் அதை விரும்பித் தேடுகிறார்கள்.

குறை தெரிந்தால் ஓரிரு வாயோடு நிறுத்திவிட்டுக் கவுண்டருக்குக் கொண்டு போங்கள். பாதி குடித்த பிறகு கொண்டு போகாதீர்கள். குரலை உயர்த்தாமல், "இது கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன், பார்க்கிறீர்களா?" என்று கேட்டால் போதும். நல்ல ஊழியர் முகர்ந்து பார்த்து மாற்றித் தருவார், பம்பு அட்டையையும் திருப்பி வைப்பார். புகார் சொல்லக் கூச்சப்படுவது நம் இயல்பு. ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் அடுத்து வருபவருக்கும் அதே கிளாஸ்தான் போகும்.

6. எதில் தொடங்குவது

பிட்டரில் தொடங்குங்கள். ஆங்கிலப் பப்பின் அன்றாட பீர் அதுதான். 3.5 முதல் 4 சதவீதம் சாதாரண பிட்டர், அதற்குச் சற்று மேலே பெஸ்ட் பிட்டர். சசெக்ஸில் ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட், யார்க்ஷயரில் டிமதி டெய்லர் லேண்ட்லார்ட், லண்டனில் ஃபுல்லர்ஸ் லண்டன் பிரைட். இந்த மூன்றையும் அந்தந்த ஊரில், ப்ரூவரிக்குப் பக்கத்தில் குடித்தால் ஒரே வகைக்குள் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பது புரியும். லேண்ட்லார்ட் பிரிட்டனின் சாம்பியன் பீர் பட்டத்தை நான்கு முறை வென்றது. ஆனால் நிலவறையில் நிறையப் பொறுமை கேட்கும் பீர் என்பதால், அவசரக்காரர் கையில் அது எளிதில் பாழாகிவிடும்.

கசப்பு பிடிக்காவிட்டால் மைல்ட். பெரும்பாலும் கருநிறம், கசப்பு குறைவு, ஆல்கஹாலும் பொதுவாக 3.5 சதவீதத்துக்குள். ஒரு காலத்தில் சுரங்கத்திலும் உருக்காலைகளிலும் வியர்வை சிந்தியவர்களின் பீர் இது. அந்தத் தொழில்களோடு சேர்ந்து இதுவும் தேய்ந்தது. பர்மிங்காமுக்கு மேற்கே 'பிளாக் கன்ட்ரி' என்ற பகுதியில் இன்னும் பிழைத்திருக்கிறது. எங்காவது பம்பில் மைல்ட் என்று பார்த்தால் வாங்குங்கள். அது விற்றால்தான் அடுத்த பீப்பாய் வரும்.

வெயில் நாளுக்கு கோல்டன் ஏல், லாகர் பழகிய நாக்குக்கும் அதுவே சுலபம். குளிர்காலத்துக்குக் கருநிற வகைகளான போர்ட்டர், ஸ்டவுட், ஓல்ட் ஏல். போர்ட்டர் என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமை தூக்கியவர்களால் வந்தது. பார்லி வைன் பெயரில்தான் வைன், அதுவும் ஏல்தான்; 8 சதவீதத்துக்கும் மேலே போகும், மூன்றில் ஒரு பங்கு கிளாஸ் போதும்.

இந்தியா பேல் ஏல், அதாவது ஐபிஏ, பற்றி நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பெயரில் உள்ள இந்தியா உண்மையான இந்தியாதான். கிழக்கு லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ப்ரூவரி, கிழக்கிந்திய கம்பெனிக் கப்பல் தலைவர்களுக்குக் கடனில் பீர் கொடுத்தது. அவர்கள் அதைக் கல்கத்தாவிலும் மதராஸிலும் விற்றார்கள். 1820களில் பர்ட்டன் நகரத்து ப்ரூவரிகள் இந்த வியாபாரத்தில் இறங்கி முந்திவிட்டன. கடற்பயணத்தில் தாக்குப்பிடிக்கக் கூடியது இது ஒன்றுதான் என்று சொல்லப்படும் கதையை நம்ப வேண்டாம். போர்ட்டரும் அதே கப்பல்களில் பெருமளவில் போய்ச் சேர்ந்தது, அங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் அதைத்தான் குடித்தார்கள். ஈஸ்ட் ஹாமில் வாழும் நம் ஆட்கள் போ பகுதியைத் தினமும் டிஸ்ட்ரிக்ட் லைனில் கடந்து போகிறார்கள்.

7. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க

பீப்பாயில் ஈஸ்ட் சீக்கிரம் படிவதற்காகச் சேர்க்கும் பொருள் ஐசிங்கிளாஸ். அது மீனின் வயிற்றில் உள்ள காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படுவது. மண்டியோடு சேர்ந்து அடியில் போய்விடும் என்றாலும், சைவர்களுக்கு இது ஏற்புடையதல்ல. வழக்கமான பீப்பாய் ஏல்களில் பெரும்பாலானவற்றில் இது உண்டு. பம்பு அட்டையில் 'வீகன்' அல்லது 'அன்ஃபைன்ட்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். பிரிஸ்டலின் மூர் ப்ரூவரி ஐசிங்கிளாஸ் இல்லாத ஏலுக்கே பெயர் பெற்றது. இப்படிப்பட்ட ஏல் கொஞ்சம் மங்கலாக இருக்கும். அந்த மங்கலைக் குறையாக நினைக்க வேண்டாம், புளிப்பு இல்லாவிட்டால் சரி.

8. ப்ரூவரியைத் தேடிப் போகுதல்

இது இல்லாமல் அனுபவம் பாதிதான். 2002இல் சிறிய ப்ரூவரிகளுக்கு பீர் வரியைப் பாதியாகக் குறைத்தார்கள். அதிலிருந்து ரயில்பால வளைவுகளிலும் பண்ணைக் கொட்டகைகளிலும் புதிய ப்ரூவரிகள் முளைத்தன. சனிக்கிழமைகளில் அவை தங்கள் வாசலிலேயே விற்கும். ஆனால் முதல் பயணத்துக்கு நான் பழைய ஒன்றையே சொல்வேன், எனக்குக் கண் திறந்த லூயிஸைத்தான்.

லண்டன் விக்டோரியாவிலிருந்தோ ஈஸ்ட் க்ராய்டனிலிருந்தோ நேரடி ரயில். நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்து ஊஸ் ஆற்றுப் பாலத்துக்கு வந்தால், கரையில் கோபுரம் போல ஒரு செங்கல் கட்டடம் நிற்கும். அதுதான் ஹார்வீஸ். நிறுவனம் 1790இலிருந்து இருக்கிறது, கோபுரம் 1880களைச் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் அதை 'லூயிஸ் கதீட்ரல்' என்கிறார்கள். கோபுரம் அழகுக்காகக் கட்டியது அல்ல. மால்ட்டை உச்சிக்கு ஏற்றிவிட்டால் அரைப்பது, வெந்நீரில் ஊறவைப்பது, ஹாப்ஸோடு கொதிக்க வைப்பது, ஆறவிட்டு நொதிக்க வைப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தளம் இறங்கி, புவியீர்ப்பாலேயே கீழே பீப்பாய்க்கு வந்து சேரும். தண்ணீர் சுண்ணாம்புக் குன்றுகள் வழியே வடிந்து வரும் அவர்களுடைய சொந்தக் கிணற்றுத் தண்ணீர். ஈஸ்ட் 1957இல் யார்க்ஷயர் டாட்காஸ்டரின் ஜான் ஸ்மித் ப்ரூவரியிலிருந்து வாங்கியது. நம் வீட்டில் உறைமோர் எடுத்து வைப்பது போல, ஒவ்வொரு முறை நொதித்ததிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அடுத்ததற்கு இட்டு, அன்றிலிருந்து இன்றுவரை அதே ஈஸ்டைத் தொடர்கிறார்கள். அத்தனை வருடத்தில் அது லூயிஸுக்கே உரிய ஈஸ்டாக மாறிவிட்டது.

2000ஆம் ஆண்டு அக்டோபர் வெள்ளத்தில் ஆறு ப்ரூவரிக்குள் புகுந்தது. தொட்டிகளில் இருந்த பீர் யாரும் கவனிக்காமலே நொதித்து முடிந்தது. ஊர் அதை 'ஊஸ் பூஸ்' (பூஸ் என்றால் மது) என்ற பெயரில் வாங்கிக் குடித்தது. 2006 டிசம்பரில் கோட்டைக்குக் கீழே உள்ள 'லூயிஸ் ஆர்ம்ஸ்' பப்பில் ஹார்வீஸ் பிட்டரை எடுத்துவிட்டார்கள். அப்போது அந்தப் பப்பின் உரிமையாளராக இருந்த கிரீன் கிங், சஃபோக்கைச் சேர்ந்த ஒரு பெரிய ப்ரூவரி. வாடிக்கையாளர்கள் உள்ளே போக மறுத்து, குளிரில் வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தார்கள். 133 நாள். 2007 ஏப்ரலில் ஹார்வீஸ் திரும்பி வந்தது. அந்தப் பப்பின் சிறிய முன்னறையில் உட்கார்ந்து ஒரு பைண்ட் சசெக்ஸ் பெஸ்ட் குடியுங்கள். பிறகு ப்ரூவரிக்கு எதிரே உள்ள ஜான் ஹார்வி டேவர்னில் இன்னொரு அரை பைண்ட். இரண்டும் ஒரே பீர், பத்து நிமிட நடை தூரம்தான், ஆனாலும் நுட்பமாக வேறுபடும். நிலவறை என்றால் என்ன என்பது அப்போது நாக்குக்கே தெரிந்துவிடும். ப்ரூவரியைச் சுற்றிப் பார்க்க முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் ஹுக் நார்ட்டனும் கோபுர ப்ரூவரிதான். அங்கே 1899இல் பொருத்திய நீராவி இயந்திரமும், பீப்பாய் வண்டி இழுக்கும் பெரிய ஷயர் குதிரைகளும் உண்டு. யார்க்ஷயரின் மாஷம் சிறிய ஊர், ஆனால் இரண்டு ப்ரூவரிகள்: 1827இலிருந்து தீக்ஸ்டன்ஸ், அந்தக் குடும்பத்திலிருந்தே பிரிந்த ஒருவர் 1992இல் தொடங்கிய பிளாக் ஷீப். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். கார்ன்வாலின் ஹெல்ஸ்டனில் உள்ள 'ப்ளூ ஆங்கர்', தன் பின்கட்டிலேயே பீர் காய்ச்சும் ஓலைக்கூரைப் பப். 1970களின் தொடக்கத்தில் நாட்டில் இப்படிப்பட்டவை நான்குதான் மிஞ்சியிருந்தன, அவற்றில் ஒன்று இது. அங்கே ஸ்பிங்கோ என்ற பீரைக் கேளுங்கள், வீரியம் அதிகம், அரை பைண்டாக வாங்குங்கள்.

9. சாப்பாடும் அளவும்

வெறும் வயிற்றில் போகாதீர்கள். செடார் பாலாடைக்கட்டி, ரொட்டி, ஊறுகாய் வெங்காயம் சேர்ந்த ப்ளோமன்ஸ் தட்டு பிட்டருக்குப் பொருத்தமானது, பெரும்பாலும் சைவமும்கூட. காரம் வேண்டுமென்றால் மேற்கு மிட்லண்ட்ஸின் 'தேசி பப்'களுக்குப் போங்கள். அந்தப் பகுதி உருக்காலைகளுக்கு வேலைக்கு வந்த பஞ்சாபிகளிடமிருந்து வளர்ந்த மரபு அது. வெஸ்ட் ப்ராம்விச்சின் 'தி வைன்' போன்ற இடத்தில் கரியடுப்பில் சுட்ட கோழியும் ஒரு கிளாஸ் ஏலும் ஒரே மேஜைக்கு வரும்.

4 சதவீத பைண்ட் ஒன்றில் சுமார் 2.3 யூனிட் ஆல்கஹால் இருக்கிறது. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்றும், அதையும் ஒரே நாளில் குடிக்காமல் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றும் பிரிட்டிஷ் அரசின் மருத்துவ ஆலோசனை சொல்கிறது. அதாவது வாரம் முழுவதற்கும் ஆறு பைண்ட். அதனால் ஒவ்வொன்றும் நல்லதாக இருக்கட்டும். வாயில் வைத்ததும் பிடிக்காததை முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கார் வேண்டாம், ரயிலில் போங்கள். ஸ்காட்லாந்தில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு, ஒரு பைண்டே ஆபத்தாகலாம்.

10. வீட்டுக்கு எடுத்துப் போக

பல ப்ரூவரிக் கடைகளும் மைக்ரோபப்களும் பீப்பாயிலிருந்தே பிடித்துப் பெரிய பாட்டிலில் தரும். அதை அன்றே, மிஞ்சினால் மறுநாள், முடித்துவிட வேண்டும். நாள் தள்ளி வைக்க விரும்பினால் 'பாட்டில் கண்டிஷன்ட்' என்று எழுதிய பாட்டிலைத் தேடுங்கள். அதற்குள்ளும் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது.

வாங்கி வந்ததும் நேராக நிறுத்தி ஒரு நாள் விடுங்கள், மண்டி அடியில் இறங்கும். குளிர்பெட்டியில் வைத்திருந்தால் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். நன்றாகக் கழுவி, சோப்பு வாடை இல்லாத பெரிய கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, பாட்டிலை இடையில் நிமிர்த்தாமல் ஒரே சீராக ஊற்றுங்கள். நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும். கழுத்தருகே மங்கல் நகர்ந்து வருவது தெரிந்ததும் நிறுத்துங்கள். ஒரு விரல் அளவு பாட்டிலிலேயே கிடக்கட்டும்.